அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்த பக்கம் சூடு தெரியல, ஆனா ராவும் பகலும் எரியுதுங்கிறாங்க

மோல்மேன்_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க பர்மாவுல மோல்மேன்ல இருக்கோம். போன மழைக்காலத்துல அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, ஸ்கேன் எடுத்துட்டு மூளையில வலது பக்கம் தலாமஸ்ங்கிற இடத்துல அடைப்புன்னு சொன்னாங்க. கை காலு முக்காவாசி திரும்பிருச்சு, சுவத்தப் பிடிச்சு நடக்குறாங்க, பேச்சும் நல்லாத்தான் இருக்கு, தப்பிச்சோம்டா சாமின்னு இருந்தோம். ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் இது ஆரம்பிச்சுது, இடது கை, கால், கன்னம் எல்லாம் மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி எரியுதுன்னு அழுவுறாங்க. ஃபேன் காத்து ஆகல, லுங்கி உரசுனா ஆகல, எப்பவும் போல கன்னத்துல தனக்கா (மரப்பட்டைய அரைச்ச சாந்து) பூசிவிட்டேன், அந்தக் குளிர்ச்சிக்கே துடிச்சுப் போயிட்டாங்க. ஆனா அதே கையில சூடு டீ டம்ளர் பட்டுக் கொப்புளம் வந்துருக்கு, அது அவங்களுக்குத் தெரியவே இல்ல!

சூடு தெரியாத கை எப்படி எரியும், எல்லாம் மனசுதான்னு அண்ணன் சொல்றான். அதக் கேட்டு அம்மா இப்ப வலியையே வெளிய சொல்றதில்ல, ராத்திரி முழிச்சு உக்காந்திருக்காங்க. பாராசிட்டமாலும் கேக்கல, டைக்ளோஃபெனாக்கும் கேக்கல. சொந்தக்காரங்க தைலம் தேச்சு வெந்நி ஒத்தடம் குடுன்னு சொல்றாங்க, குடுக்கலாமா?

கமாயுட்_பிசியோ:
தங்கச்சி, முதல்ல ஒத்தடத்த நிறுத்துங்க. சூடு தெரியாத கையில ஒத்தடம் குடுத்தா வெந்தாலும் அம்மாவால சொல்ல முடியாது. தைலமும் வேண்டாம், பிரச்சன தோல்லயோ சதையிலயோ இல்ல.

நான் ரங்கூன்ல ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத்தான் பிசியோ பாக்குறேன், அண்ணன்கிட்ட இத அப்படியே படிச்சுக் காட்டுங்க. தோல்ல பட்ட வலி, சூடு, குளிர் இதெல்லாம் தண்டுவடத்துக்குள்ள போனதும் எதிர்ப்பக்கம் தாண்டி மேல ஏறி தலாமஸுக்குப் போகும், அங்கேருந்துதான் மூளையோட மேல்பகுதிக்குப் போகும், அதனாலதான் வலது தலாமஸ் அடிபட்டா இடது உடம்பு பாதிக்குது. அந்தப் பாதை அடிபட்டா வெளியிலேருந்து வர்ற சேதி சரியா போய்ச் சேராது, அதான் டீ டம்ளர் தெரியல. ஆனா சேதி வராமப் போன அந்த இடத்து நரம்பு செல்லுங்க சும்மா இருக்குறதில்ல, தானா துடிக்க ஆரம்பிச்சுரும், அத மூளை எரிச்சல்னு எடுத்துக்குது, லேசான காத்தையும் துணியையும் கூட வலியா எடுத்துக்குது. உணர்ச்சி போறதும் எரியிறதும் ஒரே காயத்தோட ரெண்டு பக்கம், ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல. 1906லயே தெஜெரின், ரூஸின்னு ரெண்டு பிரெஞ்சு டாக்டருங்க இதே தலாமஸ் வலியப் பத்தி எழுதிட்டாங்க. டென்மார்க்குல 1995ல வந்த ஆய்வுல ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல 100க்கு 8 பேருக்கு இந்த மாதிரி வலி இருந்துச்சு. ஸ்ட்ரோக் வந்து வாரக்கணக்கு, மாசக்கணக்கு கழிச்சு வர்றதுதான் இதோட வழக்கம், அதனாலதான் வீட்டுல யாரும் நம்புறதில்ல. அந்த அம்மா பொய் சொல்லலங்க, தயவுசெஞ்சு அவங்கள வாய்விட்டுச் சொல்ல விடுங்க.

சாதாரண வலி மாத்திர இதுக்குக் கேக்காது. டைக்ளோஃபெனாக் ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ஆபத்தும் கூட, டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்துங்க. நரம்பு வலிக்கான மாத்திர வேற, அமிட்ரிப்டிலின், லமோட்ரிஜின், கபாபென்டின், பிரீகபாலின் மாதிரி. எது, எவ்வளவுன்னு நரம்பு டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

பெகு_தாத்தா:
தாயி, எனக்கும் இந்த வியாதிதான், ஆனா அடி பட்டது மூளைத்தண்டுல. எனக்கு முகத்துல வலப்பக்கமும் உடம்புல இடப்பக்கமும் சூடு குளிர் தெரியாது, ஏன் இப்படிக் கோணலா இருக்குன்னு டாக்டர்கிட்ட கேட்டேன், முகத்து நரம்பு அந்த இடத்துல இன்னும் எதிர்ப்பக்கம் தாண்டியிருக்காது, உடம்பு நரம்பு கீழயே தாண்டிட்டு வந்திருக்கும், ரெண்டும் ஒரே இடத்துல அடிபட்டா இப்படித்தான் ஆகும்னு படம் போட்டுக் காட்டுனாரு. அந்தப் படத்தப் பாத்தப்பறந்தான் எனக்கு மனசு நிம்மதியாச்சு, பைத்தியம் புடிக்கலன்னு.

குளிக்கிற தண்ணிய நல்ல கையால தொட்டுப் பாக்கச் சொல்லு. அம்மாவ அடுப்புகிட்ட தனியா விடாத. வெறுங்கால்ல கோயிலுக்குப் போயிட்டு வந்தா உள்ளங்கால நீயே பாத்துரு, முள்ளு குத்தி சீழ் வச்சாலும் தெரியாது. ராத்திரி எந்திரிச்சா லைட்டு போடணும், கால் எங்க இருக்குன்னு கால் சொல்லலைன்னா கண்ணுதான் பாத்துச் சொல்லணும். துணி உரசுறதுக்கு, பழைய மெத்துன்னு இருக்குற பருத்தித் துணி தேவலாம்.

மோல்மேன்_மகள்:
ரொம்ப நன்றி பிசியோ அண்ணே, தாத்தா. அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் பேசல, அப்புறம் போயி அம்மா பக்கத்துல உக்காந்துட்டான். இந்த வாரம் நரம்பு டாக்டரப் பாத்தோம், அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரிக்குக் குடுத்துருக்காரு. நாலஞ்சு நாள் ஆச்சு, தூங்குறாங்க ஆனா எரிச்சல் அப்படியே இருக்கு, வாய் உலந்து போகுதுங்கிறாங்க. மாத்திரைய மாத்தச் சொல்லவா? அப்புறம் ஏப்ரல்ல திஞ்சான், பர்மா புத்தாண்டுத் திருவிழா வருது, தெருவுல தண்ணி ஊத்துவாங்களே, என்ன பண்றது?

கமாயுட்_பிசியோ:
அதுக்குள்ள மாத்த வேண்டாம் தங்கச்சி, இது கொஞ்சங் கொஞ்சமா ஏத்துற மருந்து, வலிக்குப் பிடிக்க சில வாரம் ஆகும். வாய் உலர்றது இந்த மருந்துல சாதாரணம். ஆனா ஒண்ணுக்கு அடைச்சா, நெஞ்சு படபடன்னா, எந்திரிச்சா தல சுத்துனா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, வயசானவங்க இதுல விழுந்துருவாங்க. கண்ணுல பிரஷர் இருந்தா அதையும் முன்னாடியே சொல்லணும். பின்னால லமோட்ரிஜினுக்கு மாத்துனா தோல்ல தடிப்பு வருதான்னு பாத்துக்கிட்டே இருங்க, வந்தா அடுத்த வேள குடுக்காம அன்னைக்கே காட்டணும். இன்னொன்னு, எரிச்சல் முழுசா போயிரும்னு அம்மாகிட்ட வாக்கு குடுக்காதீங்க, பாதி கொறஞ்சாலே தூக்கமும் நடையும் திரும்பும், அதுக்குத்தான் பாக்குறோம்.

திஞ்சானுக்கு அந்த நாலு நாளும் உள்ரூம்ல வச்சுக்குங்க, தெருப் பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சுருங்க. வாசல்ல உக்காரணும்னு ஆசப்பட்டா இடது கை மூடுற மாதிரி முழுக்கை சட்ட போட்டு, ஜன்னல் பக்கம் உக்கார வைங்க.