தெரு ஸ்கேட்டர் ஒருவரை வேலை நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா?

முதல் பதிவு

பார்சலோனாவில் மக்பா நவீன கலை அருங்காட்சியகத்தின் முன்னால் ஸ்கேட்டர்கள் கூடும் கல் விளிம்பைப் பற்றி இந்த ஸ்கேட்போர்டு மன்றத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை அங்கே இருந்தேன். சொந்தப் பெயரில் ஸ்கேட் பலகை வெளிவந்துவிட்ட தொழில்முறை ஸ்கேட்டர் ஒருவர், வீடியோக்களில் பார்த்துப் பழகிய முகம், ஒரே வித்தையைத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். கிக்ஃப்ளிப் அடித்து, அதாவது குதித்தபடி பலகையைக் காலால் நீளவாக்கில் சுழற்றி, விளிம்பில் ஏறி, உராய்ந்துபோய், இறங்கும்போது பலகை இன்னொரு முறை சுழல வேண்டும். நான் எண்ணத் தொடங்கிய பிறகு மட்டும் 52 முறை விழுந்தார். முழங்கைத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த முறை இறங்கிவிட்டார். நாங்கள் கத்தினோம், பலகைகளைத் தரையில் தட்டினோம். அவர் நேராகக் கேமராக்காரரிடம் போய்ச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். இறங்கிய கணத்தில் வலது கால் நுனி தரையில் பட்டிருந்தது. "இது ஆகாது" என்றார். திரும்பவும் ஓடுபாதையின் தொடக்கத்துக்கு நடந்தார். இருட்டும்வரை நின்றேன், மறுபடி அந்த வித்தை கைகூடவே இல்லை. திரையில் வைத்த அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதை அவர் ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாதா?

பதில்

கூடாது. கால் பட்டதை வெளியிட்டால் பத்து வருடம் கழித்தும் அந்தக் காலைப் பற்றித்தான் பேசுவார்கள். தெருவில் மதிப்பெண் போட நடுவர் இல்லை. ஓரிரு வருடம் உழைத்துச் சேர்த்த சில நிமிட வீடியோதான் இவர்களுக்குச் சான்றிதழ், சம்பளம் எல்லாம். பிரான்சின் லியான் நகரத்தில், ஸ்கேட்டர்கள் மேலிருந்து குதித்துத் தாண்ட முயன்ற 25 படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேட்டர் அலி பூலாலா அதில் விழுந்து எழுந்ததைத்தான் 2002இல் வந்த வீடியோவில் பார்த்தோம். இன்னொரு ஸ்கேட்டர் 'ஜாஸ்' ஹோமோகி அங்கே முதலில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார், பிறகு 2015இல் திரும்பி வந்து இறங்கிக் காட்டினார். ஏறக்குறைய இறங்கினார் என்ற கணக்கே அங்கு கிடையாது.

நான் பார்த்தது வேறு. ஓர் அலுவலகக் கட்டடத்தின் கைப்பிடிக் கம்பி, இரவு. காவலர் வந்து வெளியேறச் சொன்னார். அந்த ஸ்கேட்டர் வாதாடவில்லை, "இன்னும் ஒரே முறை, ஐயா" என்றார். காவலர் டார்ச்சை அணைக்காமல் கம்பியின் அடியில் ஒளியைப் பிடித்தபடியே நின்றார். அந்த வெளிச்சத்தில்தான் ஸ்கேட்டர் கம்பியில் உராய்ந்து இறங்கினார்.

பதில்

சான்றிதழ் என்கிறீர்கள், சரி. அந்தச் சான்றிதழ் எத்தனை நாள் செல்லும்?

லண்டன் சவுத்பேங்கில், கட்டடத்துக்கு அடியில் ஸ்கேட்டர்கள் கூடும் இடத்தில் நாற்பதைத் தாண்டிய ஒருவர், பலகை வழுக்கிப்போக விளிம்புக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கொடுத்தேன். பையிலிருந்து துணி சுற்றிய பலகை ஒன்றை எடுத்தார். அவர் பெயர் போட்டது, சக்கரமே பூட்டாதது. முழங்கால் தசைநார் அறுந்த மாதமே நிறுவனம் பணத்தை நிறுத்திவிட்டதாம். விற்கிற பலகைக்கு இவ்வளவு என்றுதான் ஒப்பந்தம். மருத்துவச் செலவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சொல்லும்போது கட்டைவிரலால் தன் பெயரின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை.

பதில்

என் அனுபவம் சின்னது. ஒரு போட்டியில், தன் சுற்றுக்கு முன்னால் ஒரு தொழில்முறை ஸ்கேட்டர் மண்டியிட்டு, முன்பின் தெரியாத சிறுமியின் சக்கர மரையை இறுக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு முதலில் விழக் கற்றுக்கொடுங்கள். உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், தோளை உருட்டி விழ வேண்டும். கணுக்கால் வீக்கம் வற்றாமல் பலகையைத் தொட விடாதீர்கள். ஒப்பந்தம் வந்தால் காயம் பட்ட மாதங்களுக்கு என்ன வழி என்று முதலிலேயே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூடவே கேமராவோ தச்சு வேலையோ ஒன்று கையில் இருக்கட்டும். போட்டிதான் பாதை என்றும் நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் தங்கம் வென்ற யூட்டோ ஹோரிகோமே, 2024இல் பாரிஸில் கடைசி முயற்சியில்தான் மீண்டும் தங்கத்தைப் பிடித்தார். இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் 0.1 புள்ளிதான் வித்தியாசம். அந்த 0.1ஐ நம்பிப் பள்ளிப் படிப்பை நிறுத்தாதீர்கள்.

முதலில் எழுதியவர்

அறிவுரை நான் கேட்கவில்லை, இருந்தாலும் ஒப்பந்த விஷயத்தை என் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்த வித்தை கடைசியில் வெளிவந்ததா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். மறுவருடம் அவருடைய வீடியோ வந்தது. அந்த விளிம்பும் இருந்தது, வித்தை மட்டும் வேறு. முழங்கையில் கட்டு போட்டிருந்தார். நான் நின்றிருந்த தூணுக்குப் பக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.