புதுப்பிப்பு: தரங்கம்பாடிப் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு

முந்தைய இழையில் சுண்ணாம்பு 1, மணல் 3 என்று கலவையை மட்டும் சொல்லியிருந்தேன். அளவு சரிதான், இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

முதலில் உப்பு. 1620இல் டேனியர் கோட்டை கட்டிய ஊர், கடல் கூப்பிடு தூரத்தில். மேலே சிமென்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். பழைய பூச்சைத் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று வெற்றொலி வந்தால் அங்கே பூச்சு சுவரை விட்டுவிட்டது. உளியால் மெதுவாகக் கொத்தி எடுக்கவும், டிரில் வேண்டவே வேண்டாம். வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

அடுத்தது நீற்றுவது, அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைப்பது. சரியாக நீறாத துணுக்கு பூசியபின் நீறி, ஊதி, பொரிபொரியாகத் தெறிக்கும். குறைந்தது 3 வாரம் தண்ணீரில் கிடக்கட்டும், பிறகு சலிக்கவும். கலவையில் கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் நீறாத சுண்ணாம்பை அது காப்பாற்றாது.

ஆற்றுமணல் மட்டுமே, கடற்கரை மணல் கூடாது. ஒரு தடவைக்கு 10–12 மி.மீ. கனம் போதும், மீறினால் வெடிக்கும். மேலே 7 நாள் ஈரச்சாக்கு.