ராம்ப் கட்டுப்பாடு பாதியில் உத்தரவை மாற்றி, கிரவுண்ட் கட்டுப்பாடு வேகமாக வழி சொன்னால் என்ன செய்வீர்கள்?

வணக்கம். துணை விமானியாகப் பறந்து வருகிறேன். மூத்த விமானிகளும் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிபவர்களும் வழி சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் புஷ்பேக்கின்போது, அதாவது இழுவை வண்டி விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும்போது, விமானத்தின் மூக்கை வடக்கு நோக்கித் திருப்பச் சொன்னது ராம்ப் (விமானங்கள் நிறுத்தும் பகுதியைக் கவனிக்கும் பிரிவு). இழுவை வண்டி எங்களைப் பாதி தூரம் தள்ளியிருக்கும்போதே "தெற்கு நோக்கி" என்று மாற்றினார்கள். ஹெட்செட்டில் இருந்த தரைப் பணியாளரிடம் நாங்கள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கிரவுண்ட் (தரையில் விமானங்கள் நகரும் வழியைச் சொல்லும் பிரிவு) அலைவரிசைக்கு மாறச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். அங்கே நான்கு டாக்சிவேக்களை (ஓடுபாதைக்குச் செல்லும் இணைப்புப் பாதைகளை) ஒரே மூச்சில் அடுக்கினார் கட்டுப்பாட்டாளர். எந்த ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டும் என்ற இடத்தில் இன்னொரு விமானியின் குரல் குறுக்கிட்டுவிட்டது. மறுபடி கேட்டேன், எரிந்து விழுந்தார்.

அவர்களுக்கும் வேலைப்பளு அதிகம், அறிவேன். ஆனால் ஓடுபாதைக்கு முன் நிற்கச் சொன்னால் அதை நாங்கள் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரே நேரத்தில் பேசிய குரல்கள் ஒன்றையொன்று மறைத்ததும் அதற்கு ஒரு காரணம். அதை நினைத்தால் கேட்காமல் நகர மனம் வரவில்லை.

பாதியில் உத்தரவு மாறினால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசுவீர்களா? கட்டுப்பாட்டாளர்களே, வேகத்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் எந்தச் சொற்களில் கேட்டால் உங்களுக்கு எளிது? இதை எழுத்தில் புகாராகக் கொடுத்து மாற்றம் கண்டவர்கள் இருந்தால், எப்படி எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள்.