'சென்னைட்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'சென்னைட்' என்ற ஒரே சொல்லில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். (வாய்விட்டுப் படித்ததும் நம்ம சென்னைதான் நினைவுக்கு வந்தது!)

பொருள் தெரியும்: ஒரு வாரம். 'செவன் நைட்', அதாவது ஏழு இரவு என்பதுதான் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. பதினான்கு இரவிலிருந்து வந்த 'ஃபோர்ட்நைட்' பிரிட்டனில் இன்றும் பிழைத்திருக்கிறது, இது வழக்கொழிந்துவிட்டது. ஜெர்மானிய மக்கள் நாட்களை இரவுகளைக் கொண்டே எண்ணினார்கள் என்று ரோமானியரான டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கிலேயே எழுதியிருக்கிறார்.

சிக்கல் இதுதான். கடிதத்தில் 'டியூஸ்டே சென்னைட் புறப்படுகிறேன்' என்று வருகிறது. வருகிற செவ்வாய் அல்ல, அதற்கு அடுத்த செவ்வாய். 'செவ்வாய்க்கிழமை விட்டு அடுத்த செவ்வாய்' என்று போட்டால் நீளமாக இழுக்கிறது. வெறும் 'ஒரு வாரம்' என்றால் பழைய வாசனையே போய்விடுகிறது. எங்கள் பாட்டி 'செவ்வாய்க்கு எட்டாம் நாள்' என்பார். அதைப் போடலாமா, இல்லை வாசகர் எட்டு நாளை எண்ணிப் புதன்கிழமைக்குப் போய்விடுவாரா?

உங்கள் ஊரில் இதற்கு வேறு வழக்கு இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், 'ஃபோர்ட்நைட்'டுக்குப் 'பட்சம்' சரிவருமா? அது பதினைந்து நாள் கணக்கு என்பதால் கை தயங்குகிறது.