கேலக்ஸிக்கு ‘விண்திரள்’ சரிவருமா?

வணக்கம்.

கோடிக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கேலக்ஸிக்கு (galaxy) தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், ‘அண்டம்’ வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். அண்டசராசரம் என்று எல்லாவற்றையும் அடக்கிச் சொல்லிப் பழகிய சொல்லை அதில் ஒரு துண்டுக்கு வெட்டிக் கொடுத்தால், பிரபஞ்சத்துக்குப் ‘பேரண்டம்’ என்று ஒரு ‘பேர்’ ஒட்டவேண்டி வருகிறது. கேலக்ஸிக்குச் சொல்லப்படும் இன்னொரு சொல்லான ‘பேரடை’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே ராயபுரத்தில் எட்டாவது படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னேன், தொட்டுக்க அவியலா வெல்லமா என்று கேட்டார்கள்.

எனக்கு ரொம்ப உறுத்துவது ‘விண்மீன் கூட்டம்’. மூன்று பொருளுக்கு இதையே புழங்குகிறோம். வேட்டைக்காரன் உருவமாக நாம் பார்க்கும் ஓரியனில் பெல்லாட்ரிக்ஸ் என்ற மீன் சுமார் 250 ஒளியாண்டு தொலைவில், ரைஜல் என்ற மீன் சுமார் 860. நம் கண்ணுக்கு ஒரே பக்கமாகத் தெரிகிறதே தவிர அவை அருகருகே இல்லை. கார்த்திகையோ, பழம்பாட்டில் ‘அறுமீன்’ என்று வருவது, ஒரே மேகத்தில் பிறந்து இன்னும் சேர்ந்தே நகர்கிற மீன்கள். ஆண்ட்ரோமெடா வேறு ரகம், அது ஒரு கேலக்ஸி. 1923-இல் வானியலாளர் ஹபிள் அதில் ஒரு செபீட் மாறுமீனை (ஒளி கூடிக் குறையும் காலத்தை வைத்துத் தூரம் சொல்ல உதவும் மீன்) கண்டு தூரத்தைக் கணக்கிடும்வரை, அது நம் கேலக்ஸியான பால்வழிக்கு உள்ளேயா வெளியேயா என்று பெரிய வானியலாளர்களே மல்லுக்கு நின்றார்கள். இன்றைய கணக்கில் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு!

ஆகவே ஓரியனை விண்மீன் குழு என்போம், கார்த்திகையை விண்மீன் கொத்து, ஆண்ட்ரோமெடாவை விண்திரள். இதில் ‘மீன்’ வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் இருக்கிறது: வாயுவும் தூசும் உள்ளே கிடக்கின்றன, நிறையில் பெரும்பங்கு கண்ணுக்கே தெரியாத கரும்பொருள். (காசிமேட்டுப் பக்கம் ‘மீன்திரள்’ என்றால் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்பது தனி.) அப்புறம், ஒரு கலைச்சொல் தேறுமா என்பது அதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்கும்போதுதான் தெரியும். சுருள் திரள், நீள்வட்டத் திரள், குறுந்திரள், திரளிடைவெளி, எதுவும் நாக்கில் இடறவில்லை. திரள்கள் ஈர்ப்பால் சேர்ந்திருந்தால் திரள்கொத்து. மேலே சொன்ன அதே ‘கொத்து’, அதே பொருளில்.

புணர்ச்சிப்படி ‘விண்டிரள்’ என்றுதானே வரவேண்டும் என்று யாராவது நிச்சயம் கேட்பீர்கள். சரிதான். ஆனால் வெண்டாமரையை வெண்தாமரை என்று எழுதினால் இன்று யாரும் சண்டைக்கு வருவதில்லை, இதையும் பிரித்தே எழுதலாம்.

பால்வழிக்கு அருகே உள்ள மெகல்லன் மேகங்கள் இரண்டும் திரள்கள்தான், இருந்தாலும் பழகிய பெயரில் கைவைக்க வேண்டாம். மிகத் தொலைவில் பேரொளியோடு தெரியும் திரள் மையமான குவேசருக்கு (quasar) ஒன்றும் சிக்கவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் குவேசர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.