காலண்டர் அட்டையில் பத்து ஊசி

ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனைத் தையல்கடைக்குப் பதினைந்து வருஷமாகப் போகிறேன். தையல்கார அண்ணனுக்கு வீடு கடைக்குப் பின்னாலேயே. அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. எல்லோரும் ரெடிமேடுக்குப் போய்விட்டதால் பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, மே மாதம் ஸ்கூல் யூனிபார்ம், இவ்வளவுதான் வருகிறது.

சுவரில் தினசரி காலண்டர். அதன் அட்டையில் பத்து ஊசி வரிசையாகக் குத்தியிருக்கும். எல்லாவற்றிலும் நூல் கோத்து, நுனியில் முடிச்சும் போட்டிருக்கும். வெள்ளை நாலு, கறுப்பு நாலு, நேவி புளூ ரெண்டு. மடிப்புக்குக் கைத்தையல் போட, பட்டன் கட்ட, கொக்கி வைக்க, அண்ணன் ஒவ்வொன்றாக உருவிக்கொள்வார்.

ஒருநாள் கேட்டேன். "கிட்டப் பார்வை போயி வருஷமாச்சு தம்பி. கண்ணாடி போட்டாலும் ஊசிக் காது தெரிய மாட்டேங்குது. உங்க அக்கா மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி கோத்து வச்சுட்டுப் போயிருவா."

அக்கா என்றால் அண்ணனின் மனைவி. அவருக்கு ஸ்பின்னிங் மில் வேலை. காலை ஷிப்ட் 6 மணிக்கு. அப்படியென்றால் விடியுமுன்பே, சோறு வடித்த கையோடு, பத்து ஊசி. நைட் ஷிப்ட் என்றால் சாயங்காலமே கோத்துவிடுவாராம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஊசி கோக்க உதவும் மெல்லிய கம்பி கடைகளில் கிடைக்கிறதே, காதுக்குள் விட்டு நூலை இழுத்துவிடலாம், அதில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் போனால் காலண்டரில் அதே ஊசிகள். கம்பி உறை பிரிக்காமல் டிராயரில் கிடந்தது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் கேட்கவில்லை.

அப்போது மணி ரெண்டரை இருக்கும். ஷிப்ட் முடிந்து அக்கா வந்தார். தலையில் அண்ணன் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த தொப்பி. அதையும் மீறிப் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அண்ணன் மெஷினை விட்டு எழுந்து, ஈரத்துணியை எடுத்து நீட்டினார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே காலண்டரைப் பார்த்தார்.

"ஆறு ஊசி அப்படியே இருக்கே. காலையிலே வேலை வரலையா?"

"ரெண்டு பேண்ட்தான். சாயங்காலம் கல்யாண வீட்டு ஜாக்கெட் நாலு வருது, அரக்கு கலர்."

"அப்போ அரக்குல ரெண்டு கோக்கணுமே" என்று சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, நூல்கண்டு டப்பாவைத் திறந்தார் அக்கா.