பின்னால் புரட்ட முடியாத மர்மக்கதைகள்

துப்பறியும் கதைகளைப் புத்தகமாகவே படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் பத்துப் பக்கம் பின்னால் புரட்டி, அந்த ஆள் அறைக்குள் வந்தது மணி அடிப்பதற்கு முன்பா பின்பா என்று சரிபார்ப்பது. பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைக் கேட்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் இடித்தது இதுதான். இன்றைக்குக் கைப்பேசியில் பின்னுக்குத் தள்ளிக் கேட்கலாம், சரி. 1940-களில் கேட்டவர்களுக்கு அது ஏது? துப்பு காதில் விழுந்தால் உண்டு, இருமினால் போச்சு.

நான் எல்லரி குயின் நாவல்கள் வழியாக இந்தப் பக்கம் வந்தவன். ஃபிரெடரிக் டேனே, மான்ஃப்ரெட் லீ என்ற உறவுக்காரர்கள் இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. ஆரம்பகால நாவல்களில் முடிச்சு அவிழும் முன் கதையை நிறுத்தி, ‘எல்லாத் துப்பும் உங்கள் கையில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்’ என்று வாசகருக்குச் சவால் விடுவார்கள். 1939-ல் சிபிஎஸ் வானொலிக்குப் போனபோதும் அதை விடவில்லை. விடைக்கு முன் நாடகம் நிற்கும். நிலையத்துக்கு வந்திருக்கும் விருந்தினர்கள் கொலையாளி யார் என்று ஊகிப்பார்கள். பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம், ஏனென்றால் நானும் அதே ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். பல பகுதிகளின் ஒலிப்பதிவு இப்போது கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

பூட்டிய அறைக் கொலைகளின் மன்னர் ஜான் டிக்சன் கார் எழுதிய ‘கேபின் பி-13’ இன்னொரு வகை. 1943 மார்ச்சில் ‘சஸ்பென்ஸ்’ என்ற வானொலித் தொடரில் வந்தது. தேனிலவுக்குக் கப்பல் ஏறும் புதுமணப்பெண்ணின் கணவன் காணாமல் போகிறான். அவர்கள் தங்கிய அறையே இந்தக் கப்பலில் கிடையாது, நீங்கள் தனியாகத்தானே வந்தீர்கள் என்கிறார்கள் ஊழியர்கள். நாவலாக இருந்தால் கார் இதில் நாலைந்து முடிச்சுகளைச் சேர்த்திருப்பார். இங்கே ஒரே ஒரு புதிர், அரைமணி நேரம். அவருடைய நாவல்கள் சிலவற்றைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

அதே தொடரில் அதே ஆண்டு மே மாதம் வந்தது லூசில் ஃபிளெச்சர் எழுதிய ‘சாரி, ராங் நம்பர்’. படுக்கையில் கிடக்கும் ஒரு பெண், தொலைபேசி இணைப்பு மாறிப்போய், இரண்டு பேர் ஒரு கொலைக்கு நேரம் குறிப்பதைக் கேட்டுவிடுகிறாள். லேண்ட்லைன் காலத்து கிராஸ் டாக்கில் அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். டயல் சுற்றும் சத்தம், எங்கேஜ்டு டோன், ஆபரேட்டரின் அலட்டிக்கொள்ளாத குரல், நடுவில் ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல் எரிச்சலில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அலறலாக ஏறுவது. முதலில் அந்த அம்மாளைக் கண்டாலே ஆகாது, அப்படி ஒரு நச்சரிப்பு. முடிவதற்குள் நாமே அவளுக்காக போலீஸைக் கூப்பிடத் துடிப்போம். இதில் கண்டுபிடிக்க வேண்டியது அதிகமில்லை. துப்பு காதில் நிற்காது, பயம் நிற்கும் என்று ஃபிளெச்சர் தெரிந்து வைத்திருந்தார்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் இன்னொரு வானொலித் தொடரின் நாயகன் ஜானி டாலர். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ் விசாரணைக்காரர். கதை முழுக்க அவர் எழுதும் பயணச் செலவு பில்தான். விமானக் கட்டணம் இவ்வளவு, டாக்ஸி இவ்வளவு, வாய் திறக்காத ஆளுக்கு வாங்கிக்கொடுத்த விஸ்கி இவ்வளவு. முதலில் வேடிக்கைக்கென்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: படம் இல்லாத இடத்தில் ஊர் மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? ‘செலவு மூன்று, ரயில் டிக்கெட்’ என்றாலே போதும், நாம் அடுத்த ஊரில் நிற்போம்.

1955 அக்டோபரிலிருந்து பாப் பெய்லி நடித்தவற்றைக் கேளுங்கள். முதல் ஓராண்டு வாரத்துக்கு ஒரு வழக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை தினம் கால் மணி நேரம் ஓடும். அந்த அவகாசத்தில் டாலர் களைத்துப்போவார், கோபப்படுவார், தப்பான பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பார். 1960-ல் தயாரிப்பு நியூயார்க்குக்கு மாறியதும் பெய்லி விலகிவிட்டார். பிறகு வந்தவர்கள் மோசமில்லை, ஆனால் கணக்கு மட்டும்தான் எழுதினார்கள். ‘சஸ்பென்ஸ்’ முடிந்த 1962 செப்டம்பர் 30 அன்றே டாலர் தொடரும் முடிந்தது.

புதிதாகக் கேட்பவர்கள் பெய்லியின் ஒரு வழக்கின் ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். நாளுக்கு ஒன்று போதும்.